ஓடிப்போக முடியாத வயதில் எழுதப்பட்ட விதிகள்

1980களின் நடுவில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் அவரைக் குழப்பியது. பாதியில் விட்டுப் போனவர்களில் பலர், எடை குறையவில்லையே என்று சலித்துப் போனவர்கள் இல்லை. நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்கள்! கிலோ கிலோவாகக் குறைத்தவர்கள் திடீரென்று வருவதை நிறுத்தினார்கள், போன எடையைச் சீக்கிரமே திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களில் ஏராளமானோர் குழந்தையாக இருந்தபோது பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். உடல் பெருத்திருந்தால் யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், நெருங்கமாட்டார்கள் என்பதில் சிலருக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கிறது. எடை இறங்க இறங்கப் பயம் ஏறியிருக்கிறது.

மருத்துவர் நோயாகப் பார்த்த அதே உடலை அவர்கள் கவசமாக வைத்திருந்தார்கள். கவசத்தைக் கழற்றச் சொன்னால் யார்தான் ஓடமாட்டார்கள்?

சிறுவயது மனக்காயம் வளர்ந்தவர்களின் யோசனையையும் நடத்தையையும் எப்படி வடிவமைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் நல்ல வாசல். வெளியிலிருந்து பார்த்தால் விசித்திரமாக, பிடிவாதமாக, தனக்குத் தானே குழி பறிப்பதாகத் தெரியும் பல பழக்கங்கள், ஒரு காலத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றிய ஏற்பாடுகள். அந்தக் குழந்தை வளர்ந்துவிட்டது, ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

எதை மனக்காயம் என்கிறோம்?

இன்று 'ட்ராமா' என்ற சொல் எல்லா இடத்திலும் புழங்குகிறது. பேருந்தைத் தவறவிட்டால்கூட "எனக்கு ட்ராமா ஆகிவிட்டது" என்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்வது சரி. உளவியலில் அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். குழந்தையால் தாங்க முடியாத அளவுக்கு ஒன்று நடக்க வேண்டும். அது அடங்கும்வரை பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் போக வேண்டும். இந்த இரண்டாவது பாதி முதல் பாதி அளவுக்கே முக்கியம். ஒரே விபத்தில் சிக்கிய இரண்டு குழந்தைகளில் ஒன்றை இறுக அணைத்து, என்ன நடந்தது என்று பேசி, தூங்கும்வரை பக்கத்தில் இருந்தார்கள். இன்னொன்றிடம் "அதையே நினைத்துக்கொண்டிருக்காதே" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே விபத்துதான். ஆனால் உள்ளே தங்குவது ஒன்றாக இருக்காது.

ஃபெலிட்டி தன் கண்டுபிடிப்பை அதோடு விடவில்லை. ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவ ஆய்வாளரோடு சேர்ந்து, 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது அனுபவங்களைப் பற்றிக் கேட்டார். முதல் கட்ட முடிவுகள் 1998இல் வெளிவந்தன. அந்த ஆய்வுத் தொடரில் பத்து வகைத் துன்பங்கள் கணக்கில் வந்தன. உடல், மனம், பாலியல் என மூன்று வகைக் கொடுமை. உடல் தேவைகளையும் மனத் தேவைகளையும் கவனிக்காமல் விடுவது. அப்புறம் வீட்டுச் சூழல்: அம்மா அடிவாங்குவதைப் பார்ப்பது, குடி அல்லது போதை, மனநோய், பெற்றோர் பிரிவு, வீட்டில் ஒருவர் சிறை செல்வது.

ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். எட்டில் ஒருவருக்கு நான்கு அல்லது அதற்கு மேல். இவர்கள் பெரும்பாலும் படித்த, மருத்துவக் காப்பீடு உள்ள, நடுத்தர வர்க்கத்து மனிதர்கள் என்பதுதான் பலரை அதிர வைத்தது. எண்ணிக்கை கூடக் கூட, பிற்காலத்தில் மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி, ஏன், இதயநோய் வரைக்கும் படிப்படியாகக் கூடியிருந்தது.

அந்தப் பட்டியல் முழுமையானது என்று சொல்ல முடியாது. பள்ளியில் சக மாணவர்களின் கொடுமை அதில் இல்லை, போர் இல்லை, சமூகப் பாகுபாடு இல்லை. இருப்பதிலும் 'கவனிக்காமல் விடுவது' என்ற வகையை வளர்ந்தவர்கள் தங்களிடம் கண்டுகொள்வது ரொம்பக் கடினம். அடி விழுந்தால் நினைவில் நிற்கும். நடக்காத ஒன்றை எப்படி நினைவில் வைப்பது? "எங்கள் வீட்டில் என்னை ஒருவரும் அடித்ததில்லை, சோற்றுக்கும் துணிக்கும் குறை வைத்ததில்லை" என்று சொல்பவர், அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த நாளில் ஏன் என்று யாரும் கேட்டதில்லை என்பதைக் கடைசிவரை சொல்லவே மாட்டார். அது சொல்லக்கூடிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றாது.

குழந்தையின் கையில் என்ன இருந்தது?

மோசமான வேலையில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவரிடம் மூன்று வழிகள் உண்டு. எதிர்த்துப் பேசலாம். விட்டுவிட்டுப் போகலாம். அது இரண்டும் முடியாவிட்டால் நண்பரிடம் புலம்பலாம், அவரும் "இதெல்லாம் நியாயமே இல்லையே" என்று சொல்வார். அந்த ஒரு வார்த்தையில் பாதி பாரம் இறங்கிவிடும்.

ஆறு வயதுக் குழந்தைக்கு இந்த மூன்றும் கிடையாது. எதிர்க்கப் பலம் இல்லை. வெளியேறினால் பிழைக்க முடியாது. இன்னொரு வீட்டுக்குள் வாழ்ந்து பார்த்ததில்லை என்பதால் தன் வீட்டில் நடப்பதுதான் உலக வழக்கம் என்று நினைக்கும். போதாக்குறைக்கு, பயம் வந்தால் ஓடி ஒட்டிக்கொள்ள வேண்டிய மடியும், அந்தப் பயத்தைத் தரும் கையும் சில வீடுகளில் ஒரே ஆளுடையவை.

வீட்டை மாற்ற முடியாது, வீட்டில் இருப்பவர்களை மாற்ற முடியாது. மாற்றக்கூடியதாகக் குழந்தையின் கையில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: தன்னை. தன் குரலின் அளவை, தன் முகத்தை, தன் தேவைகளை, தன் நினைப்பை. இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாமே இந்த ஒரு நிலைமையிலிருந்து கிளைப்பவைதான். என்னைக் கேட்டால், இதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

உடலிலும் இதே கதைதான். ஆபத்து வந்தால் ஓடு அல்லது மோது என்று உடல் தயாராவதை வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் நூறு வருடங்களுக்கு முன்பே விவரித்துவிட்டார். ஓடவும் மோதவும் முடியாத சிறிய உடல் என்ன செய்யும்? உறைந்து நிற்கும், எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்தும், அல்லது உடலை அங்கேயே விட்டுவிட்டு மனத்தளவில் வேறெங்கோ போய்விடும். அலாரம் அடிக்கும்போது சுரக்கும் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் கொஞ்ச நேரத்துக்கு நல்லவை. அணைக்க ஆள் இல்லாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா சுறுசுறுப்பாகும். அதைப் பார்த்து "சற்றுப் பொறு, நிஜமாகவே ஆபத்தா என்று பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டிய முன்மூளைப் பகுதிக்கு அந்த வேகத்தில் இடம் கிடைக்காது. மூளையின் இத்தகைய மாற்றங்களை வெறும் சேதமாக மட்டும் பார்க்க வேண்டாம், ஆபத்தான சூழலுக்கேற்ற தகவமைப்பாகவும் பார்க்கலாம் என்கிறார் இத்துறையில் நீண்டகாலம் ஆய்வு செய்துவரும் மார்ட்டின் டெய்ச்சர்.

அரண்டவன் கண்

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செத் போலக் என்ற உளவியலாளர், 2000களின் தொடக்கத்தில், குழந்தைகளுக்கு மங்கலான முகப் படங்களைக் காட்டினார். படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும். இந்த முகத்தில் என்ன உணர்ச்சி என்று சொல்ல வேண்டும். வீட்டில் அடிவாங்கி வளர்ந்த குழந்தைகள், கோபமான முகத்தை மற்றவர்களைவிடக் குறைந்த தகவலிலேயே, அதாவது படம் இன்னும் மங்கலாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லா உணர்ச்சிகளிலும் அவர்கள் இப்படி முந்தவில்லை. கோபத்தில்தான் அந்தக் கூர்மை.

யோசித்துப் பாருங்கள், இது ஒரு திறமை. வாசலில் சாவி திரும்பும் விதத்தை வைத்தே இன்று மாலை எப்படிப் போகும் என்று சொல்லத் தெரிந்த குழந்தை, அடிவிழும் முன் அறையை விட்டு நகர்ந்துவிடும்.

அதே ஆள் முப்பது வயதில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். மேலாளரிடமிருந்து ஒரு செய்தி: "நேரம் இருக்கும்போது வாருங்கள், பேச வேண்டும்." அவ்வளவுதான். பக்கத்து நாற்காலிக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்து முடிப்பார். இவருக்கு வயிறு கலங்கும், கடந்த மாதம் செய்த தவறெல்லாம் வரிசை கட்டி வரும், ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரிகூட மனத்தில் தயாராகிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரே கேலி செய்யும். அந்தப் பழமொழியில் ஒரு குறை, அவன் ஏன் அரண்டான் என்று அது கேட்பதில்லை. ஒரு காலத்தில் அவன் வீட்டு இருட்டில் நிஜமாகவே பேய் இருந்தது.

தகவல் குறைவாக இருக்கும் இடத்தைப் பழைய அனுபவம் வந்து நிரப்பும். பதில் வராத செய்தி, சலனமில்லாத முகம், போனில் ஒரு நிமிட மௌனம். இவை எல்லாம் காலி இடங்கள். பாதுகாப்பாக வளர்ந்தவர் அங்கே "வேலையாக இருப்பார்" என்று எழுதிக்கொள்வார். மற்றவர் "கோபமாக இருக்கிறார், நான் என்ன செய்தேன்?" என்று எழுதுவார்.

"தப்பு என் மேல்தான்"

எண்ணப்போக்குகளில் பலரையும் வாட்டுவது இந்தச் சுயபழி. நியாயமாகப் பார்த்தால் கொடுமைப்பட்ட குழந்தை கொடுமை செய்தவர்மேல்தானே கோபப்பட வேண்டும்? பெரும்பாலும் தன்னைத்தான் வெறுக்கிறது. ஏன்?

1940களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரொனால்ட் ஃபேர்பெய்ர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இதைவிடத் துல்லியமாக மனத்தைத் தைத்த விளக்கம் குறைவு. குழந்தையின் முன்னால் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று, என்னைப் பார்த்துக்கொள்பவர்கள் கெட்டவர்கள். அப்படியென்றால் நான் முழுக்க ஆபத்தின் கையில் இருக்கிறேன், நான் என்ன செய்தாலும் தப்பிக்க வழியில்லை. இரண்டு, அவர்கள் நல்லவர்கள், நான்தான் கெட்ட பிள்ளை. இது வலிக்கும். ஆனால் இதில் ஒரு வழி திறந்திருக்கிறது: நான் நல்ல பிள்ளையாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். முதல் முடிவில் நம்பிக்கைக்கு இடமே இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. குழந்தை நம்பிக்கையைத் தேர்ந்தெடுத்து, அதற்கான விலையாகப் பழியை ஏற்றுக்கொள்கிறது.

"இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளும் பெரியவர்களிடம் இந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதைச் செய்தாலும் குறை காணும் துணையிடம், நன்றியே காட்டாத முதலாளியிடம், அவர்களை விட்டு விலகாமல் தன்னையே மேலும் மேலும் செதுக்கிக்கொண்டிருப்பார்கள். "உனக்கு ஏன் ரோஷமே இல்லை?" என்று கேட்பது எளிது. கோபப்படுவதென்றால் அந்தப் பழைய முதல் முடிவை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு உள்ளே பயம்.

குழந்தை இப்படி எடுக்கும் முடிவுகள் மெல்ல மெல்ல உலகத்தைப் பற்றிய ஒரு வரைபடமாகிவிடுகின்றன. நான் அன்புக்குத் தகுதியானவனா? கூப்பிட்டால் யாராவது வருவார்களா? இந்த இரண்டு கேள்விகளுக்குமான பதில்தான் அந்த வரைபடம் என்று குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான உறவைப் பேசும் பிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கிய ஜான் பௌல்பி சொன்னதைச் சுருக்கிச் சொல்லலாம். மனச்சோர்வு சிகிச்சையில் புதுப்பாதை போட்ட ஆரோன் பெக், இத்தகைய அடித்தள நம்பிக்கைகளை 'ஸ்கீமா' என்ற சொல்லால் குறித்தார். பெயர் எதுவானாலும் அதன் குணம் ஒன்று: தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். "எல்லோரும் கடைசியில் விட்டுப் போய்விடுவார்கள்" என்பது அவளுடைய அடித்தள நம்பிக்கை. நண்பர் ஒருநாள் பதில் போடவில்லை. அவளுக்குப் பதற்றம். மூன்று செய்திகள், பிறகு நான்காவதாகக் கோபமாக ஒன்று. நண்பர் திணறிப்போய்க் கொஞ்சம் ஒதுங்குகிறார். "பார்த்தாயா, போய்விட்டார்." கணக்கில் இன்னொரு சாட்சி சேர்ந்தது. பத்து வருடங்களில் இப்படி எத்தனை சாட்சிகள் சேரும்! யாராவது தங்கிவிட்டால் என்ன ஆகும்? "இன்னும் என்னைப் பற்றித் தெரியவில்லை, தெரிந்தால் போய்விடுவார்" என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

முயன்று பார்ப்பதையே விட்டுவிடும் மனநிலையும் உண்டு. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் 1967இல் வெளியிட்ட சோதனைகள் பிரபலமானவை. தப்பிக்க வழியில்லாத மின்னதிர்ச்சியை முதலில் அனுபவித்த நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துவிட்டன. கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுகிறது என்று அப்போது சொன்னார்கள், பாடப்புத்தகங்களும் அதையே சொல்லிவந்தன. 2016இல் அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் கருத்தையே தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட கொடுமையின் முன் ஒடுங்கிப்போவது உயிரினத்தின் இயல்பான முதல் எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது அதற்கு நேர் எதிரானது: என்னால் ஏதாவது செய்ய முடியும் என்பது. இந்தத் திருத்தம் சாதாரணமானது இல்லை. "இவன் சோம்பேறியாகிவிட்டான்" என்ற பார்வை இங்கே உடைகிறது. அவனுக்கு அந்தப் பாடத்தைக் கற்க வாய்ப்பே வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரே விதி, மூன்று வேடங்கள்

ஜெஃப்ரி யங் என்ற உளவியலாளர், இந்த அடித்தள நம்பிக்கைகளோடு மனிதர்கள் மூன்று விதமாக வாழ்கிறார்கள் என்றார்: சரணடைவது, தவிர்ப்பது, மிகையாக ஈடுகட்டுவது. ஒரே வீட்டில் "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று கேட்டு வளர்ந்த மூன்று உடன்பிறப்புகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூத்தவர் அதை நம்பிவிட்டார், தன்னை மட்டம் தட்டுபவர்களையே சுற்றி வைத்துக்கொள்கிறார். நடுவில் பிறந்தவர் தோற்கக்கூடிய எதையும் தொடுவதில்லை, நேர்முகத் தேர்வு நாளில் காய்ச்சல் வந்துவிடும். கடைசிப் பிள்ளை ஊரே மெச்சும் சாதனையாளர், ஆனால் இரண்டாம் இடம் வந்த நாளில் தூங்கமாட்டார். பார்ப்பவர்களுக்கு மூன்று வெவ்வேறு மனிதர்கள், கடைசி ஆளைப் பார்த்து "அந்த வீட்டில் பிறந்தும் எப்படி வந்துவிட்டான் பார்" என்பார்கள். அடியில் இருக்கும் வாக்கியம் மூவருக்கும் ஒன்று.

சமாளிக்கும் முறைகளில் சமூகம் பாராட்டும் வகைகள் ஆபத்தாகத் தெரிவதில்லை. குடியைப் பார்த்துக் கவலைப்படுகிறோம், எல்லோருக்கும் எல்லாமும் செய்துகொண்டே இருப்பவரைத் தங்கமான மனிதர் என்கிறோம். அவருக்கு 'முடியாது' என்ற சொல் தொண்டையில் நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் கிடைத்த பரிசு என்ன என்பது உடம்புக்குத் தெரியும். இப்படிப்பட்டவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள், நிஜமாகவே பதில் தெரியாது. மற்றவர் முகத்தைப் படித்தே பழகியவருக்குத் தன் உள்ளே பார்க்க நேரம் இருந்ததில்லை.

"எனக்கு யாரும் தேவையில்லை" என்பவரும் அப்படித்தான். மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளை அம்மாவிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்துச் சேர்த்துப் பார்க்கும் சோதனையை உருவாக்கினார். சில குழந்தைகள் அம்மா போனபோதும் அழவில்லை, திரும்பி வந்தபோதும் கண்டுகொள்ளவில்லை. பொம்மையைப் பார்த்தபடி இருந்தார்கள். என்ன சமர்த்து என்றுதான் தோன்றும். பின்னர் வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையின்போது இதயத் துடிப்பை அளந்தார்கள். அந்தச் சமர்த்துக் குழந்தைகளுக்கும் துடிப்பு எகிறித்தான் இருந்தது. உள்ளே அதே தவிப்பு. காட்டினால் அம்மா இன்னும் விலகுவாள் என்று கற்றுக்கொண்ட குழந்தை, ஒரு வயதுக்குள்ளேயே அதை மறைக்கப் பழகியிருக்கிறது. உதவி கேட்கத் தெரியாத பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பொம்மைதான் நினைவுக்கு வரும்.

சரி, வீடு மாறிவிட்டது, ஆபத்து போய்விட்டது, பிறகும் ஏன் இந்தப் பழக்கங்கள் விடுவதில்லை? முக்கியக் காரணம் நிம்மதி. ஒருவர் சண்டைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். சண்டை வரவில்லை. உடம்பு தளர்கிறது. "வாயை மூடியதால்தான் தப்பித்தோம்" என்று மூளை குறித்துக்கொள்கிறது. பேசியிருந்தாலும் சண்டை வந்திருக்காது என்பது அவருக்கு ஒருபோதும் தெரியவராது, ஏனென்றால் அவர் பேசிப் பார்க்கவே இல்லை. தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் பயம் இன்னும் ஒருநாள் ஆயுளைப் பெறுகிறது. தவிர, இந்த விதிகளில் பல வார்த்தைகளாக இருப்பதில்லை. பேச்சு வரும் முன்பே உடலில் பதிந்தவையும் உண்டு. அதனால்தான் "அது எப்போதோ நடந்தது, விட்டுத்தள்ளு" என்ற அறிவுரை காதில் விழும், உடம்புக்குப் போய்ச் சேராது.

எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்

இதையெல்லாம் படித்துவிட்டு ஃபெலிட்டி, ஆண்டா ஆய்வின் பத்து வகைத் துன்பங்களைப் பற்றிய கேள்விகளைத் தேடிப் போய்த் தன் மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, தன் எதிர்காலத்தைத் தானே எழுதிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் மக்கள் கூட்டத்தைப் படிக்க உருவானது, தனி ஆளின் தலைவிதியைச் சொல்ல அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2020இல் ஆண்டாவே எச்சரித்து எழுதினார். எந்த வயதில், எவ்வளவு காலம், யாரால், பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள் என்ற எதுவும் அந்த எண்ணில் இல்லை.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய் எனப் பல சிக்கல்கள் சேர்ந்திருந்த வீட்டுப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிதானமான, அக்கறையுள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது, பெற்றோராகவே இருக்க வேண்டியதில்லை, ஏதாவது ஒரு பெரியவரோடு உறுதியான பிணைப்பு. தாத்தா பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. பதின்ம வயதில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலோர் முப்பது நாற்பதுகளில் தங்கள் வாழ்க்கையைச் சரிசெய்துகொண்டார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறோம். அந்தத் தீவில் நாற்பதுக்குள் நிறையவே வளைந்திருக்கிறது.

நினைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுவயதுக் கொடுமை பற்றி அப்போதே பதிவான ஆவணங்களையும் வளர்ந்தபின் பாதிக்கப்பட்டவர்களே சொல்வதையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ஆண்ட்ரியா டனேசி, கேத்தி விடம் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பிற்கால மனநலச் சிக்கல்களோடு அதிகம் இணைந்திருந்தது நீதிமன்றப் பதிவுகள் இல்லை, அந்த ஆள் தன் அனுபவத்தை இன்று எப்படி உணர்கிறார் என்பதுதான். நடந்தது பொய் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. நடந்ததற்கு நாம் வைத்துக்கொண்ட பொருளில்தான் பாரத்தின் பெரும்பகுதி இருக்கிறது, பொருள் மாறக்கூடியது.

பழைய விதியைத் தொட்டுப் பார்ப்பது

உதவிக்கு வழிகள் உண்டு. எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துக் கையாளும் சிகிச்சை, அதில் மனக்காயத்துக்கென்றே அமைந்த வகை, ஸ்கீமா சிகிச்சை, கண் அசைவுகளோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். எனப் பல. நீண்டகாலக் கொடுமையின் விளைவாக வரும் சிக்கலான மனக்காயக் கோளாறை உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் தனியாகச் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. கொடுங்கனவுகள், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம், வேலையையும் உறவையும் முடக்கும் அளவுக்குப் பதற்றம் என்று இருந்தால் கட்டுரை படித்துச் சமாளிக்கப் பார்க்காமல் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பதுதான் சரி.

நல்ல சிகிச்சையாளர் முதல் நாளே கவசத்தைப் பிடுங்கமாட்டார். ஃபெலிட்டியின் நோயாளிகள் சொல்லித் தந்த பாடம் அது. இந்தப் பழக்கம் உங்களுக்கு எதைத் தந்தது, எதிலிருந்து காத்தது, அதை விட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று முதலில் கேட்பார். குடியை மட்டும் நிறுத்திவிட்டு, அது மரக்கச் செய்த வலிக்கு எந்த ஏற்பாடும் இல்லையென்றால் வேறொரு போதை வந்து உட்காரும்.

அப்புறம் சிறிய சோதனைகள். 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர், அதைத் தன் அப்பாவிடமோ முதலாளியிடமோ சொல்லித் தொடங்க வேண்டியதில்லை. ஆபத்தே இல்லாத ஒரு நண்பரிடம், ஒன்றுமில்லாத ஒரு விஷயத்துக்கு. "இன்று படத்துக்கு வரவில்லை" போதும். சொல்வதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்? "கோபப்படுவார், ஒரு வாரம் பேசமாட்டார்." சொன்ன பிறகு பக்கத்திலேயே எழுத வேண்டும்: என்ன நடந்தது? "சரி, அடுத்த வாரம் பார்ப்போம் என்றார்." அன்றைக்கு உள்ளங்கை வியர்க்கும், இரவு தூக்கம் வராமல்கூடப் போகலாம். ஐந்தாவது, ஆறாவது தடவையிலும் கொஞ்சம் வியர்க்கும். சோதனை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. உடம்பு தாளைப் படிப்பதில்லை, எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. அதனால் தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்வார்கள்.